அதிக தூரத்திலிருந்து வருகிறவன்

இன்றைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டாம் என்று மாடிப்படி ஏறும்போதே ஆவுடைச்செல்வி முடிவு செய்துவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஹெப்சிபா என்று சொன்ன வாய் அடுத்து இசக்கித்துரை என்று தானாகச் சொல்லிவிடும். மூன்று பருவமாகப் பழகிய வாய், அதனிடம் யார் போய்ச் சொல்வது. சொல்லாமல் தாண்டிப் போனாலும் சரிவராது, தாண்டின இடம் எல்லோர் காதிலும் விழும். தலைகளை எண்ணிக்கொண்டு, பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். லேப் வாசலில் வழக்கம்போல் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளும் செருப்பைக் கழற்றினாள். உள்ளே கால் வைத்ததும் ஏசியின் குளிர் உள்ளங்காலில் ஏறியது, அதோடு அந்த லேப்புக்கே உரிய, மூடிவைத்த துணி பீரோ மாதிரியான வாசனை. மத்தியானம் இரண்டு மணி. வெளியே திருநெல்வேலி வெயில் கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கணினிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றார்கள். உட்காருங்க என்றாள். நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம்கூட இன்றைக்குக் குறைவாக இருந்தது. எல்லோரும் மெல்ல உட்காருகிறார்களோ, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஹெப்சிபா தனியாக இருந்தாள். ஆங்கில அகரவரிசையில் அவளுக்கு அடுத்த பெயர் அவனுடையது என்பதால், லேப்பில் முதல் நாளிலிருந்தே ஒரு கணினியில் இருவரும் சேர்ந்தே உட்காருவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க பைக்கில் போன இசக்கித்துரை லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனான். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் லேப்.

அட்டெண்டன்ஸைச் சமாளித்துவிடலாம், எக்ஸெல் ஷீட்டைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்குப் பாடப்புத்தகத்து உதாரணங்கள் பிடிக்காது. ஏபிசி கம்பெனி, எக்ஸ்ஒய்இசட் டிரேடர்ஸ், எங்கேயும் இல்லாத கடைகளின் எங்கேயும் நடக்காத விற்பனை. தன் பெயர் இருக்கிற ஷீட் என்றால் பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள் என்று பருவத்தின் முதல் வகுப்பிலேயே ஒரு பொது ஷீட்டைத் திறந்து கொடுத்து, பெயர், ஊர், கல்லூரிக்கு எவ்வளவு தூரம், வந்து சேர எவ்வளவு நேரம் என்று ஆளுக்கு ஒரு வரி நிரப்பச் சொல்லியிருந்தாள். வியாபாரம் படிக்க வந்தவங்களுக்கு எக்ஸெல் சரி மேம், புரோகிராம் எதுக்கு என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அப்போதும் அந்த ஷீட்டைத்தான் காட்டுவாள். நாலு பேர் என்றால் விரல்விட்டு எண்ணலாம், நாற்பதாயிரம் வாடிக்கையாளர் இருந்தால் என்ன செய்வாய் என்பாள். சராசரி, வரிசைப்படுத்தல், வரைபடம் எல்லாம் அந்த ஷீட்டை வைத்தே நடந்தது. போன வாரம் மணியடிக்கும்போது, அடுத்த வாரம் இதே ஷீட்டை பைத்தான் புரோகிராமில் படிக்க வைத்து, யார் ரொம்ப தூரத்திலிருந்து வர்றாங்கன்னு லூப் போட்டுக் கண்டுபிடிப்போம் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். திசையன்விளைக்கும் அந்தப் பக்கம், கடலை ஒட்டின ஊர் இசக்கித்துரைக்கு. காலையில் ஸ்டாஃப் ரூமில் அந்த ஷீட்டைத் திறந்து அவன் வரியின்மேல் வலது கிளிக் செய்து டெலிட் கொடுத்தாள். கொடுத்த நொடியில் கீழே இருந்த வரிகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறி நெருக்கிக்கொண்டன. ஒரு இடைவெளி இல்லை, ஒரு கோடு இல்லை, அங்கே ஒருவன் இருந்தான் என்று சொல்ல எதுவுமே இல்லை. கன்ட்ரோல் இசட். வந்துவிட்டான். மறுபடி டெலிட், மறுபடி கன்ட்ரோல் இசட். பக்கத்து மேஜைப் புள்ளியியல் வாத்தியார் என்ன மேடம் கீபோர்டு மக்கர் பண்ணுதா என்று கேட்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். வரியை மறைத்துவைக்க ஒரு வழி உண்டு. மறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் இருக்கும். ஆனால் பக்கவாட்டு எண்களில் ஒன்று குறையும், அதைப் பார்த்துவிட்டு இவன்களில் எவனாவது இழுத்துத் திறப்பான், அப்படித் திறக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கடைசியில் சோப்பு விற்பனை என்று ஒரு புது ஷீட்டை அவளே அவசர அவசரமாக அடித்தாள். பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், மாதம் இத்தனை பெட்டி. எங்கேயும் இல்லாத கடைகள், எங்கேயும் நடக்காத விற்பனை.

அந்த சோப்பு ஷீட்டைத்தான் இப்போது திறக்கச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்தது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியே கூச்சமாகவும் இருந்தது. போர்டில் எழுதினாள். முதலில் பெரியது என்று ஒரு பெட்டி, அதில் பூஜ்யம். பிறகு ஒவ்வொரு வரியாகப் போ, அதுதான் லூப். இந்த வரியில் உள்ள எண் பெட்டியில் உள்ளதைவிடப் பெரியதா, ஆமாம் என்றால் பெட்டியில் இதைப் போடு, இல்லை என்றால் அடுத்த வரிக்குப் போ. எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டாமா, அதனால் போகிற போக்கில் ஒவ்வொரு பெயராகத் திரையில் எழுதிக்கொண்டே போகட்டும். குரல் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பதினேழு வருடமாக ஏதோ ஒரு கணினி மொழியில் இதே பாடத்தைச் சொன்ன குரல், அவள் இல்லாமலே நடத்தும். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், இதே இடத்தில் இதே சாக்பீஸ் சத்தத்தோடு நின்றிருக்கிறாள். அவளுடைய கைப்பை மேஜையில் இருந்தது, பைக்குள் போன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற மகள் நிறைமதி மத்தியானம் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஆவுடைச்செல்வி ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுகிறாள், நான் எங்கம்மா போயிடப் போறேன் என்று அது சலித்துக்கொண்டது நேற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும். போனை அறையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கும். சிநேகிதிகளோடு எங்கேயாவது, யாருடைய வண்டியிலாவது. மேம், கோலன் போடணுமா என்று முருகபூபதி கேட்டான். போடணும், இஃப் வரிக்கும் போடணும், ஃபார் வரிக்கும் போடணும் என்றாள்.

பிள்ளைகள் அடிக்க ஆரம்பித்ததும் அவள் வழக்கம்போல் பின்வரிசையிலிருந்து நடந்தாள். லேப் வாத்தியார் வேலை முழுக்க இப்படித்தான், பின்னால் நிற்பது. கரும்பலகை வகுப்பில் முகம் முகமாகப் பார்க்கலாம். இங்கே இரட்டைச் சடைகளும், முடி அரும்பின பிடரிகளும், சட்டைக் காலர்களும், அவற்றுக்கு அந்தப் பக்கம் திரைகளும்தான். யார் அடைப்புக்குறியை மூட மறப்பான், யார் சேமிக்காமலே மூடுவாள், யார் பக்கத்துத் திரையைப் பார்த்து அடிப்பான் எல்லாம் அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை துறையிலிருந்து வேன் வைத்து அவன் வீட்டுக்குப் போனபோதுதான் அது நடந்தது. பந்தலுக்குள் நாற்காலியில் சாய்த்துவைத்திருந்த படத்தைப் பார்த்தாள், மாலைக்கு நடுவில் இருந்த அந்தப் பையனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு நிமிஷம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்றே நினைத்தாள். மீசை, கொஞ்சம் எடுப்பான பல், ஒருபக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. அவளுக்குத் தெரிந்த பையனின் பின்னந்தலையில் இரட்டைச் சுழி, வலது காதுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு, படத்தில் அது எதுவும் இல்லை. அவனுடைய அப்பா கையைக் கூப்பிக்கொண்டு வந்து, பய நல்லாப் படிப்பானா டீச்சர் என்று கேட்டார். நல்லாப் படிப்பான் என்றாள். பொய் இல்லை, அவனுக்கு வரும். ஆனால் சொல்லும்போது அந்த முகத்தைக் கொண்டுவர முயன்றாள், வரவில்லை, இன்றுவரை வரவில்லை. படத்தில் இருந்த முகம்தான் வருகிறது, அது யாரோ ஒருவனுடையது. மூன்று பருவமாக எத்தனை மணி நேரம் அவன் பின்னால் நின்றிருப்பாள். கீபோர்டு விஷயமாக அவனுக்கும் ஹெப்சிபாவுக்கும் ஓயாமல் தகராறு. மேம், இவன் கீபோர்டத் தரவே மாட்டுக்கான் என்பாள் அவள், இவ ஒவ்வொரு எழுத்தாத் தேடுதா மேம், அதுக்குள்ள பஸ்ஸு போயிரும் என்பான் அவன். ஆளுக்கு அரைமணி என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தத் தீர்ப்பைச் சொன்னபோதாவது அவன் திரும்பி அவளைப் பார்த்திருப்பானே, பார்த்தானே, என்னவோ சொன்னானே. குரல் வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் திரையின் வெளிச்சம் வருகிறது. வகுப்பில் இருக்கிற மற்றவர்களை இப்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று தோன்றியது. முயற்சி செய்யப் பயமாக இருந்தது, செய்யவில்லை. பைக்குள் போன் ஒருதரம் அதிர்ந்தது. நாலு எட்டில் போய் எடுத்துப் பார்த்தாள். லேப்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன் என்று நிறைமதி அனுப்பியிருந்தது. அங்கேயும் ஒரு வாத்தியார் மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முருகபூபதிக்கு விடை வந்துவிட்டது. தென்காசி, டிசம்பர் மாதம். இன்னும் இரண்டு மூன்று திரைகளிலும் தென்காசி வந்தது. நல்லது என்றாள். யாருக்கும் அதில் சந்தோஷம் இல்லை, சோப்பு எங்கே விற்றால் யாருக்கென்ன. அப்போதுதான் ஹெப்சிபாவின் திரையைக் கவனித்தாள். அது சோப்பு ஷீட் இல்லை. பொது ஃபோல்டரில் பழைய ஷீட்டும் கிடந்ததை அவள் எடுக்க மறந்திருந்தாள், அந்தப் பெண் போன வாரம் சொன்னபடி அதையே தன் கணினிக்குப் பிரதியெடுத்துத் திறந்து லூப் போட்டிருந்தாள். திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. அபர்ணா, பெனடிக்ட், தர்மகனி, ஃபாத்திமா, ஹெப்சிபா. அதோடு சரி. அதற்குக் கீழே பெயர் இல்லை, சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. ஹெப்சிபா திரும்பாமலே சொன்னாள், “அவன்கிட்ட வந்ததும் நின்னுருது மேம்.” மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லேப்பில் அந்த நேரத்தில் ஏசியைத் தவிர வேறு சத்தம் இல்லை. கீபோர்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆவுடைச்செல்விக்குப் பிழை என்ன என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பருவத்தின் முதல் நாள் எல்லோரும் தூரத்தை வெறும் எண்ணாக எழுத, அவன் மட்டும் எண்ணுக்குப் பின்னால் கேஎம் என்று இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்துவைத்தான். எழுத்து சேர்ந்தால் அது எண் இல்லை, சொல். அன்றைக்கு எக்ஸெலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க மேக்ஸ் போட்டபோதும் அவனை விட்டுவிட்டு அடுத்த ஆளின் தூரத்தைத்தான் காட்டியது. ஏன் என்று அவள் விளக்கினதும், அப்ப எக்ஸெல் கணக்குல நான் வீட்டுலருந்து கிளம்பவே இல்லையா மேம் என்று கேட்டான், வகுப்பே சிரித்தது. எக்ஸெல் அப்படித்தான், புரியாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பைத்தான் தாண்டாது, நின்றுவிடும். பிள்ளைகள் அவரவர் பிரதியில் திருத்திக்கொண்டார்கள், பொது ஷீட்டில் அவன் அடித்தது அப்படியே கிடந்திருக்கிறது.

இப்படிப் பிழையான தரவு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஒரு பாடமே இருக்கிறது. வரியை நீக்கலாம். வரியை நீக்காமல், லூப் மட்டும் அதைத் தாண்டிப் போகும்படி எழுதலாம். இல்லாவிட்டால் திருத்தலாம். எப்போது எதைச் செய்வது என்று பக்கம் பக்கமாக நோட்ஸ் கொடுத்திருக்கிறாள், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. நீக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தாண்டு என்று சொன்னால் சற்றுமுன் அட்டெண்டன்ஸில் செய்யப் பயந்ததை இங்கே செய்கிற மாதிரி. திருத்து என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும், லூப் ஓடும், ஓடி முடிந்து கடைசியில் ஒரு பெயரைச் சொல்லும், அந்தப் பெயரை இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் திரையில் வரவைக்கலாமா. யாராவது அழுதால். இந்தப் பெண் அழுதால். அழுதால் என்ன, அழக்கூடாது என்று எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. துறைத்தலைவர் நேற்று கூப்பிட்டு, பிள்ளைங்க மனச ரொம்பக் கிளறாம பாடத்தக் கொண்டுபோயிருங்க மேடம் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளும் அதைத்தானே காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள், சோப்புப் பெட்டிகளை அடுக்கி மறைத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்யலாம்னு நீ நினைக்க என்று ஹெப்சிபாவிடம் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரலில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது தெரிந்தது. ஹெப்சிபா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “எடுக்க மட்டும் சொல்லாதீங்க மேம்.”

“அவன எடுக்க வேண்டாம். அந்த ரெண்டு எழுத்த மட்டும் எடு,” என்றாள் ஆவுடைச்செல்வி.

ஹெப்சிபா ஷீட்டுக்குப் போய் அந்தச் செல்லைத் திறந்து, எம்மை அழித்தாள், கேயை அழித்தாள், இரண்டுக்கும் முன்னால் அவன் விட்டிருந்த ஒரு இடைவெளியையும் அழித்தாள். சேமித்தாள். மறுபடி ஓடவிட்டாள். அபர்ணாவிலிருந்து பெயர்கள் இறங்கின, ஹெப்சிபா வந்தது, இசக்கித்துரை வந்தது, நிற்காமல் ஜமீலா, கிருபாகரன், முருகபூபதி என்று கடைசிவரை போனது. எல்லாப் பெயருக்கும் கீழே, ஒரு வரி விட்டு, அதிக தூரம் இசக்கித்துரை என்று விடை வந்து நின்றது. ஒரு நொடிகூட ஆகியிருக்காது. யாரும் அழவில்லை. அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. முருகபூபதி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பி சோப்பு ஷீட்டை மூடினான். பொது ஃபோல்டரிலிருந்து பழையதைத் தானும் பிரதியெடுத்துத் திறந்தான். அவனும் இரண்டு எழுத்தை அழித்தான். அவனுக்கு அடுத்த கணினியில் இருந்தவர்களும் அதைச் செய்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும். ஒருத்தர் செய்து கொடுத்தால் போதும், எல்லோரும் திருத்த வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கையால் அவனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திரை திரையாக அதே விடை வந்தது. ஆவுடைச்செல்விக்குக் கண் கரித்தது, ஏசியின் குளிர் என்று நினைத்துக்கொண்டாள், பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள்.

இதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியாதபோது ஆசிரியர்கள் செய்வதையே அவளும் செய்தாள், அடுத்த பயிற்சியைச் சொன்னாள். சரி, ரெண்டாவது அதிக தூரம் யாருன்னு கண்டுபிடிங்க, இதுக்கு ஒரு பெட்டி போதாது, இன்னொரு பெட்டி வேணும் என்றாள். யோசிக்கச் சொல்லி முடிப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ரெண்டாவது நான்தான் மேம்.” சுயம்புகனி. மூன்று பருவத்தில் அந்தப் பெண் வகுப்பில் தானாக வாய்திறந்தது இதுதான் முதல் தடவை, தேர்வில் ஓரளவு மதிப்பெண், வருகையில் குறை இல்லை, வேறு எதுவும் அவளைப் பற்றி ஆவுடைச்செல்விக்குத் தெரியாது. இட்டமொழி என்று ஷீட்டில் இருக்கும். லூப் போட்டுப் பாரு என்று சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சுயம்புகனி நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள். யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல் சொல்லிக்கொண்டுபோனாள். இசக்கித்துரையும் அவளும் ஒரே பஸ்ஸாம். பஸ் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவன் ஏறிவிடுவானாம், இட்டமொழி வரும்போது உட்கார இடம் இருக்காதாம், அதனால் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்துவைப்பானாம். காலேஜ் சேர்ந்ததிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்களாம், அவன் ஏறினதிலிருந்தே தூங்குவான், இவள் இறங்கும் இடம் வந்ததும் எழுப்புவாள். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது என்பது மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஹெப்சிபாகூட வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப ஸ்கூல் லீவு மேம், பஸ்ல கூட்டமே இல்ல. நிறைய சீட்டு காலியாக் கிடக்கு,” என்றாள் சுயம்புகனி. “எதுல உக்காரணும்னுதான் தெரியல. நின்னுக்கிட்டே வாரேன்.”

இட்டமொழியிலிருந்து திருநெல்வேலிவரை. ஆவுடைச்செல்வி அந்தத் தூரத்தை நினைத்துப் பார்த்தாள், எண்ணாக இல்லை, ரோடாக, வளைவு வளைவாக, மேலே கம்பியைப் பிடித்த ஒரு கை. மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது. பின்னாலிருந்து நடந்து முதல் வரிசையைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரம். சின்ன நெற்றி, ஒரு மூக்குத்திப் பொட்டு, மேலுதட்டில் வியர்வை. லேப் முழுக்க இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“எந்த சீட்டுல உக்காருவீங்க ரெண்டு பேரும்? சொல்லு,” என்றாள்.

சுயம்புகனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கையை முன்னால் நீட்டி, டிரைவர் இங்கே, ஏறுகிற படி அங்கே என்று காற்றில் பஸ்ஸைக் காட்ட ஆரம்பித்தாள்.